காவிரி டெல்டாவில் லித்தாப்ஸும் பிற அரிய சதைப்பற்றுச் செடிகளும்

மன்னார்குடியில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருக்கும் நீங்கள், இணையத்தில் வாங்கிய, கூழாங்கல்போல் தோன்றும் மூன்று லித்தாப்ஸ் செடிகளில் இரண்டு ஐப்பசி அடைமழையில் அழுகிக் கூழாகிவிட்டதாகவும், எஞ்சிய ஒன்று இந்த மார்கழியில் நடுவே பிளந்து உள்ளே புதிதாக ஏதோ தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தண்ணீர் விடலாமா, இந்தச் செடி நம் பக்கத்தில் பிழைக்குமா, வேறு எந்த அரிய சதைப்பற்றுச் செடிகளை இங்கே வளர்க்கலாம் என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: ஒரு சொட்டுகூட விடாதீர்கள். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். லித்தாப்ஸ் டெல்டாவில் பிழைக்கும். ஆனால் அதை இங்கே கொல்வது பெரும்பாலோர் நினைப்பதுபோல் வெயில் மட்டும் அல்ல. ஈரமும் வெக்கையும் சேர்ந்த நம் இரவுகளே அதற்கு முதல் எதிரி. இது புரிந்துவிட்டால் தொட்டி, மண், கூரை, தண்ணீர் எல்லாவற்றிலும் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

இந்தச் செடியின் தாயகம் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும். 1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயப் பயணி, பிரீஸ்கா என்ற ஊருக்கு அருகில் விசித்திரமான ஒரு கூழாங்கல் என்று கையில் எடுத்தபோதுதான் அது செடி என்று தெரிந்தது; 1922இல் என். ஈ. பிரௌன் இதைத் தனிப் பேரினமாக வகைப்படுத்தினார். கண்ணுக்குத் தெரிவது ஒட்டிப் பிறந்த இரண்டு தடித்த இலைகளும் அவற்றுக்கு நடுவிலுள்ள ஒரு பிளவும் மட்டுமே. அவற்றின் உடலில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேல்முகம் மட்டும் தரை மட்டத்தில் கற்களோடு கற்களாகக் கிடக்கும். அந்த மேல்முகத்தில் ஒளி ஊடுருவும் பகுதிகள் உண்டு. வெளிச்சம் அதன் வழியாக இறங்கி, நீர் நிறைந்த திசுவைக் கடந்து, உள்சுவரில் படிந்திருக்கும் பச்சையத்தைப் போய்ச் சேருகிறது. இலையின் மேல்முகம் வெயிலில் கிடக்க, உணவு தயாரிக்கும் வேலை மண்ணுக்கடியில் நடக்கிறது என்பதே இதன் அமைப்பு. நம் வயல்களில் களையாக முளைக்கும் சாரணையும், வேதாரண்யம் உவர் நிலங்களில் சிவந்த தண்டோடு படரும் செசூவியமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. லித்தாப்ஸ் அப்படிச் செய்தால் பாலைவன வெயிலில் அதன் சேமிப்பு நீர் சில நாட்களில் ஆவியாகிவிடும். ஆகவே அது இரவில் துளைகளைத் திறந்து, உள்வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, விடிந்தபின் துளைகளை மூடிய நிலையில் வெளிச்சத்தைக் கொண்டு அதைச் சர்க்கரையாக்குகிறது. இந்த ஏற்பாடு சரியாக நடக்க இரவு குளிர வேண்டும். அதன் தாயகத்தில் பகல் 40 டிகிரியைத் தொட்டாலும், பொழுது சாய்ந்ததும் வறண்ட நிலம் விரைவில் குளிர்ந்துவிடும். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ மே மாத இரவு 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கான்கிரீட் மாடியின் தளம் நள்ளிரவிலும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அத்தகைய இரவில் செடி துளைகளைச் சரியாகத் திறப்பதில்லை; உணவு சேர்ப்பதைவிடச் சேர்த்ததைச் செலவழிப்பதே அதிகமாகிறது. வளர்ச்சி நின்றுபோய் வேர் நீர் எடுக்காத அந்த நேரத்தில், வாடியிருக்கிறதே என்று நாம் ஊற்றும் தண்ணீர் தொட்டியிலேயே தேங்க, வெதுவெதுப்பான ஈரத்தில் பூஞ்சை செழிக்கிறது. உங்கள் இரண்டு செடிகளுக்கு ஐப்பசியில் நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. சம்பா வயல்களில் தண்ணீர் நிற்க, வானம் நாள்கணக்கில் மூடியிருக்க, காற்றில் ஈரம் குறையாத வாரங்கள் அவை. அப்போது நனைந்த தொட்டி காயவே காயாது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் லித்தாப்ஸ் பூக்கும் பருவம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. நமக்கு அது புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. அதாவது செடி தண்ணீர் கேட்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து விழுகின்றன. ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் எழுதிய பராமரிப்புக் குறிப்புகள் இலையுதிர் காலத்தில் நன்றாகத் தண்ணீர் விடச் சொல்கின்றன. அந்த ஊர்களில் அது சரிதான். நாம் அதை அப்படியே பின்பற்றினால், தொட்டி ஒருபுறம் நனைய, காற்று மறுபுறம் நனைக்க, செடி இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஆகவே நமக்குரிய முறை வேறு: ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுப்பகுதி வரை, மழை இறங்குவதற்கு முன், இரண்டு மூன்று முறை நன்றாகத் தண்ணீர் கொடுத்துச் செடியைத் தேற்றிவிட வேண்டும். அடைமழை நாட்களில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இடையில் நாலைந்து நாள் வெயில் தொடர்ந்து அடித்தால் மட்டும், அதுவும் செடி கேட்டால் மட்டும், ஒரு முறை விடலாம்.

இப்போது உங்களிடம் எஞ்சியிருக்கும் செடி. பூப்பருவம் முடிந்ததும் பழைய இலை ஜோடிக்குள்ளே புதிய ஜோடி உருவாகத் தொடங்கும். பிளவு மெல்ல அகலும். உற்றுப் பார்த்தால், புதிய இலைகளின் பிளவு பழைய பிளவுக்குக் குறுக்கே இருப்பது தெரியும். பழைய இலைகளில் உள்ள நீரையும் சத்தையும் உறிஞ்சித்தான் புதியவை வளர்கின்றன. மார்கழியில் தொடங்கி மாசி, பங்குனி வரைகூட இது நீளும். பழைய ஜோடி சுருங்கி, தோல் மட்டும் மிஞ்சி, காகிதம்போல் உலரும் வரை நீர் வேண்டியதில்லை. நடுவில் தண்ணீர் விட்டால் பழைய இலைகள் உலராமல் மறுபடி பருத்துக்கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிகள் நிற்கும். புதியவை சிறுத்துப்போகும், அல்லது பழையதன் அடிப்பகுதியில் அழுகல் தொடங்கும். உலர்ந்த தோலை இழுத்துப் பிய்க்கவும் கூடாது. அது தானாகக் கழன்று வரும்போது எடுத்தால் போதும். வாங்கிய புதிதில் சில செடிகள் இந்தக் கணக்குக்கு ஒத்துவராமல் ஆவணியில் இலை மாற்றும். வேறு தட்பவெப்பத்திலிருந்து வந்ததால் அவற்றின் பருவம் குழம்பியிருக்கும். அப்போது நாட்காட்டியை ஒதுக்கிவிட்டுச் செடி காட்டும் குறியைப் பின்பற்றுங்கள்.

மழையைப் பொறுத்தவரை எனக்குச் சமரசமே இல்லை: டெல்டாவில் லித்தாப்ஸுக்குத் தலைக்குமேல் கூரை வேண்டும். ஒளி புகும் பாலிகார்பனேட் தகடு போதும். பக்கங்கள் நான்கும் திறந்திருக்க வேண்டும். நான்கு புறமும் அடைத்த பிளாஸ்டிக் கூடாரம் குளிர் நாட்டுக்கு உரியது, நம் ஊரில் அது வெந்நீர்ப் பானையாகிவிடும். சாரல் அடிக்கும் திசையில் மட்டும் தார்ப்பாயைச் சுருட்டி இறக்கும்படி கட்டிக்கொள்ளலாம். கூரையை உறுதியாகப் பிணைப்பது முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது மாடியிலிருந்த தகடுகளும் வலைகளும் என்ன ஆயின என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். மண் உலர்ந்திருக்கும் செடிக்கு நாலைந்து நாள் இருட்டு ஒரு பொருட்டல்ல.

வெயில் விஷயத்தில் மார்கழி, தை மாதங்களில் கூரைக்கடியில் நாள் முழுக்க வெயில் படுவது நல்லது. மாசிக்குப் பிறகு காலை பத்து, பத்தரை வரையிலான வெயிலோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரத்துக்கு 50 சதவீத நிழல் வலையின்கீழ் வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் நேர்வெயில் பட்ட செடி ஒரே மதியத்தில் வெந்து, உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடியாகிவிடும். அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதற்காகக் கூடத்து மேசைமேல் வைத்தாலும் ஆகாது. வெளிச்சம் போதாத செடி கழுத்தை நீட்டி உயர வளர்ந்து, மேல்முகக் கோலம் மங்கி, நோய்க்கு எளிதாக இரையாகும். கோடையில் தொட்டிகளைத் தளத்தின்மேல் நேரடியாக வைக்காமல், மரச்சட்டத்திலோ கம்பி வலை போட்ட பலகையிலோ முழங்கால் உயரத்துக்கு மேல் வைத்தால் இரவுச் சூடு குறையும். சிறிய மின்விசிறி ஒன்றை இரவில் ஓடவிடுவது வீண்செலவு என்று தோன்றலாம். மே மாதத்தில் அதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை என்பதே என் கருத்து.

மண்தான் நம்மவர்கள் அதிகம் தவறும் இடம். நம் வண்டல் பொன் விளையும் மண் என்பது நெல்லுக்கும் வாழைக்கும். லித்தாப்ஸ் தொட்டியில் அதில் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். நனைந்தால் பிசுபிசுத்து, காய்ந்தால் இறுகி வேரை நெரிக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் தென்னைநார்க் கழிவை எல்லாத் தொட்டியிலும் போடும் வழக்கம் வந்துவிட்டது; அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு, சரியாகக் கழுவாதது உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். இந்தச் செடிக்கு வேண்டியது பத்தில் எட்டு, ஒன்பது பங்கு கல்துகள். பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல் கிடைத்தால் நல்லது. அதற்குக் காசு செலவழிக்க விருப்பமில்லையென்றால் உள்ளூரிலேயே வழி இருக்கிறது. சூளையில் உடைந்து கிடக்கும் செங்கலைத் தட்டி, 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக்கி, தூளை முழுக்கச் சலித்து நீக்கிக் கழுவிக்கொள்ளுங்கள். சுண்ணாம்போ சிமென்ட்டோ ஒட்டிய பழஞ்செங்கல் வேண்டாம். வல்லம் பக்கத்துச் செம்புறாங்கல் சரளையும் இதே அளவில் அருமையாகப் பயன்படும். ஆற்று மணலைக் கொசுவலை போன்ற நெருக்கமான சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியைத் தள்ளிவிட்டு, மேலே நிற்கும் குறுமணலை மட்டும் எடுங்கள். பொடி மணல் படிந்து இறுகும். கடல் மணலில் உப்பு இருக்கும். செங்கல் அல்லது சரளை ஐந்து பங்கு, குறுமணல் மூன்று பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு, நன்கு மக்கிச் சலித்த இலைமட்கு ஒரு பங்கு என்பது நான் பரிந்துரைக்கும் கலவை. மண்புழு உரம், சாண எரு, பஞ்சகவ்யம் எதுவும் வேண்டாம். ஊட்டம் மிகுந்தால் உடல் பருத்து வெடிக்கும்.

ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி ஆதலால் தொட்டி 10 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் கொண்டிருக்கட்டும். நம் தட்பவெப்பத்துக்குச் சுட்ட மண் தொட்டியே சிறந்தது. பக்கச்சுவர் வழியாக ஈரம் வெளியேறும்போது வேரும் சற்றுக் குளிரும். நட்டபின் மேலே அரை அங்குலத்துக்குச் சிறு கூழாங்கல் பரப்பிவிட்டால், செடியின் கழுத்துப்பகுதி ஈரத்தில் நிற்காது.

தண்ணீர் விடுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஓர் உலர்ந்த ஈர்க்குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். அதில் ஈர மணல் ஒட்டியிருந்தாலோ, விரலால் தடவினால் சில்லென்று இருந்தாலோ அன்று தண்ணீர் இல்லை. முழுக்க உலர்ந்திருந்தால், செடியின் பக்கவாட்டை இரு விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கல்போல் இறுகியிருந்தால் அதற்குத் தாகமில்லை. சற்று அமுங்கி, பக்கங்களில் சுருக்கம் ஓடியிருந்தால் கேட்கிறது என்று பொருள். ஆனால் தாகத்தின் சுருக்கத்தையும் அழுகலின் தளர்ச்சியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தாகத்தில் வாடிய இலை நிறம் மாறாமல் சுருங்கியிருக்கும். அழுகும் இலை நீர்க்கோத்து, நிறம் மங்கி, கொழகொழப்பாகும். கீழிருந்து மேலே ஏறிவிட்ட அழுகலைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. அந்தச் செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்திவிட்டுத் தொட்டியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

தாகம் உறுதியானால், வளர்ச்சிப் பருவத்தில், அடித்துளை வழியே வடியும் வரை தாராளமாக விட்டு, மறுபடி முழுக்கக் காயும் வரை காத்திருங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பது மிகத் தவறான பழக்கம். சித்திரை, வைகாசியில் மட்டும் முறை மாறும்: மிகவும் சுருங்கிய செடிக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின், தொட்டியின் விளிம்போரமாக இரண்டு மூன்று கரண்டி, உடலில் படாமல். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், பருவமழையில் பிடித்து வைத்த மழைநீரையே பயன்படுத்துங்கள். கல்பரப்பின்மேல் வெள்ளையாகப் பொரிந்தால் உப்புச் சேர்கிறது என்று அறியலாம்.

எந்த இனத்தை வாங்குவது என்பதும் முக்கியம். லித்தாப்ஸ் லெஸ்லீ, லித்தாப்ஸ் ஆகாம்பியே ஆகிய இரண்டும் கோடைமழை பெறும் பகுதிகளிலிருந்து வந்தவை, உடலும் பெரிது, நம்மிடம் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு இவற்றுக்கே அதிகம். சிவந்த நிறத்துக்காக எல்லோரும் ஆசைப்படும் ஆப்டிகா ரூப்ரா நமீபியக் கடலோரக் குளிர்ப்பகுதியைச் சேர்ந்தது, ஆகவே முதல் செடியாக அதை வாங்க வேண்டாம். நீலம், ஊதா, வானவில் நிறம் என்று படம் போட்டு விற்கப்படும் விதைகள் ஏமாற்று. அப்படிப்பட்ட நிறங்கள் இந்தச் செடியில் இல்லை. உண்மையான விதை தூசிபோல் நுண்ணியது. தென்னாப்பிரிக்காவில் இந்தக் குடும்பத்துச் செடிகள், குறிப்பாகக் கோனோஃபைட்டம், காட்டிலிருந்து பெருமளவில் திருடப்பட்டு வெளிநாடுகளுக்குக் கடத்தப்படுகின்றன. ஆகவே விதையிலிருந்து வளர்த்தவர் யார் என்று கேட்டு வாங்குவது நம் கடமை.

உண்மையில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது விதையிலிருந்தே தொடங்குங்கள் என்பதுதான். குளிர்நாட்டுப் பசுமைக்குடிலில் பருத்த செடியைவிட, முளைத்த நாள் முதல் நம் காற்றைச் சுவாசித்த செடி இங்கே உறுதியாக நிற்கும். மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியோ மார்கழியோ இதற்கு ஏற்ற காலம். கலவையின் மேல் அடுக்கை இன்னும் நுண்ணியதாகச் சலித்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, விதையை உலர்மணலோடு கலந்து மேலே தூவுங்கள், மூட வேண்டாம். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடிவழியாக நனைத்து, கண்ணாடித் துண்டால் மூடிவைத்தால் ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் முளைக்கும். பிறகு கண்ணாடியைச் சிறிது சிறிதாக விலக்கிக் காற்றுக்குப் பழக்குங்கள். பெரிய செடிக்குச் சொன்ன வறட்சி இந்தக் குஞ்சுகளுக்குப் பொருந்தாது. முதல் கோடையில் நிழலும் அளவான ஈரமும் கட்டாயம். பூ பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குப் பின்பே வரும். மதியத்துக்குமேல் விரிந்து மாலையில் கூம்பும் மஞ்சள் அல்லது வெள்ளைப் பூ அது. விதை பிடிக்க, தனித்தனி விதையில் வந்த இரு செடிகள் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை மாற்றலாம். விதைக்கூடு மழைத்துளி பட்டால்தான் திறக்கும். ஆகவே முற்றியதும் பறித்து உலர்வாக வைத்துவிடுங்கள்.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் தொல்லை. பிளவுக்குள் பஞ்சுபோல் தெரிந்தால் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். வேப்பெண்ணெய் அடித்து வெயிலில் வைத்தால் மேல்முகம் கருகும். அணிலும் மைனாவும் கொத்தாமலிருக்கக் கம்பி வலை போடுங்கள்.

பிற செடிகளைப் பற்றி. லித்தாப்ஸை விரும்புகிறவர்கள் அடுத்ததாகக் கோனோஃபைட்டத்தையும் எச்செவேரியாவையும் வாங்குவது வழக்கம். டெல்டாவில் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது: முன்னது குளிர்கால மழைக்குப் பழகியது, பின்னது மெக்சிகோ மலைக்குளிருக்குப் பழகியது. அதற்குப் பதிலாக, வெப்ப இரவைத் தாங்கும் அரிய செடிகள் பல உள்ளன. உருண்டைப் பந்தாக வரிவரியாக வளரும் யூஃபோர்பியா ஒபீசா, அரைநிழலில் நன்றாக இருக்கும். ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி. சோமாலியாவின் சூடோலித்தாஸ் பார்வைக்கு லித்தாப்ஸைவிடக் கல்லை ஒத்தது. குளிரைத்தான் அஞ்சும், வெக்கையை அஞ்சாது, ஆனால் ஈரம் விஷயத்தில் மன்னிக்காது. டார்ஸ்டீனியா ஃபீட்டிடா ஒன்று வைத்தால் போதும். விதையைத் தானே தெறிக்கவிட்டு அடுத்த தொட்டிகளிலெல்லாம் முளைத்துவிடும். ஸ்டபீலியா, ஹுவெர்னியா இரண்டும் மழையையும் ஓரளவு பொறுக்கும். ஒளிச்சாளரம் கொண்ட இலைகள்தான் வேண்டுமென்றால் ஹவோர்த்தியா கூப்பரியை வீட்டுக் கிழக்குச் சன்னலோரம் வையுங்கள். கோடையில் அது தூங்கும், அப்போது தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு நம் மண்ணின் கள்ளிமுளையானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டபீலியாவுக்கு நெருங்கிய உறவான இந்தச் செடி, தமிழ்நாட்டின் பாறை நிலங்களிலும் முட்புதர்க் காடுகளிலும் தானாக வளர்வது. நாற்கோணத் தண்டும் கருஞ்சிவப்புப் பூவும் கொண்டது. ஊறுகாய்க்கும் துவையலுக்கும் ஆவது. எந்த வெளிநாட்டுச் செடிக்கும் குறையாத அழகு இதற்குண்டு என்று உறுதியாகச் சொல்வேன். வேரோடு பிடுங்கி வராமல், வளர்ப்பவரிடம் ஒரு விரல் நீளத் துண்டு கேட்டு வாங்குங்கள். வெட்டிய இடம் ஆற நான்கைந்து நாள் நிழலில் கிடத்திவிட்டு, மேலே சொன்ன அதே கலவையில் இலைமட்கை இரண்டு பங்காக்கி, தையிலோ மாசியிலோ ஊன்றிவையுங்கள்.